ரஜாய்க்கு ஒரு தேவதாருப் பெட்டி

2022 நவம்பர். குளிர் இறங்கிய முதல் வாரம் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் சாம்பல் நிறக் குல்லு சால்வையை உதறினேன். துணிக்குள் புகுந்து ஜன்னல் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. எண்ணிப் பார்த்ததில் பதினேழு ஓட்டை. அப்பா தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில் வாங்கிக் கொடுத்த சால்வை அது. அம்மா வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "அந்துப்பூச்சிடா, மழைக்காலத்துல பொட்டிக்குள்ள வேர்த்திருக்கும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அம்மா சொன்னது சரி. ஜூலை, ஆகஸ்ட்டில் தில்லிக் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கும். இரவில் தகரம் குளிர்ந்தால் உட்புறம் நீர் கோத்துக்கொள்ளும். குளிர்காலத் தடிப் போர்வைகளான ரஜாய்களின் ஓரத்தில் துருக்கறையும் பார்த்தேன். அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருந்தோம். அது எப்போதோ கரைந்து போயிருந்தது. நான்கு மாதம் பயன்படுத்தி எட்டு மாதம் மூடிவைக்கிற கம்பளிக்கு ஈரத்தைக் கொஞ்சமாவது உறிஞ்சி, கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கிற பெட்டி வேண்டும். அப்படியென்றால் மரம். பூச்சி விரும்பாத மரம் என்றால் தேவதாரு.

மேலைநாடுகளில் போர்வைப் பெட்டிக்குச் 'சிடார்' என்று எடுப்பது பெரும்பாலும் ஜூனிபர் இனத்து மரம். பென்சில் சீவும்போது ஒரு வாசனை வருமே, ஒரு காலத்தில் பென்சிலுக்கும் அந்த மரம்தான். நம் தேவதாருதான் தாவரவியல்படி உண்மையான சிடார். இமயமலையில் வளர்வது, இமாசலப் பிரதேசத்தின் மாநில மரம். காஷ்மீரத்தில் தால் ஏரிப் படகு வீடுகளைக் கட்டுவது இதில்தான். ஸ்ரீநகர் ஜாமியா மசூதியின் தூண்கள் இதுதான். தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாத மரம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் விற்கும்போது வேறெதையும் தேடத் தோன்றவில்லை.

2023 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மயூர் விஹாரில் மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் மாறாமல் கீர்த்தி நகரில் இறங்கலாம். அங்குள்ள மரவாடிகளில் தேவதாருவைத் 'தியார்' என்பார்கள். 'கைல்', 'சீட்' என்ற பைன் வகைகளும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். பழைய பலகையில் மேல்பரப்பு நிறம் மங்கிவிட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் கடையில் தியார் என்று எடுத்துக் காட்டிய பலகையின் தலைமாட்டைச் சின்ன உளியால் சீவி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஆண்டு வளையங்களுக்கு நடுவே ஊசி குத்தினாற்போலச் சின்னப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவை பிசின் நாளங்கள். பைனில் இயல்பாகவே இருப்பவை. தேவதாருவில் அடிபட்ட காலத்தில் மட்டும், ஒரு வளையத்தை ஒட்டி வரிசையாக உண்டாகும், மற்றபடி இருக்காது. வாசனையும் வேறு. பைன் டர்பென்டைனாக நெடியடிக்கும். தேவதாரு இனிப்புக் கலந்த காரத்தில், கொஞ்சம் கற்பூரச் சாயலோடு வரும். மூன்றாவது கடையில்தான் அது கிடைத்தது. கடைக்காரர் நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பதைப் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து இன்னும் நல்ல பலகைகளாக இழுத்துப் போட்டார்.

எட்டு அங்குல அகலம், ஏழடி நீளம், பத்து நூல் கனம், எட்டுப் பலகை. கணக்குக்குக் கிட்டத்தட்ட நாலு கன அடி. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் ஊர் ஆசாரிகள் 'நூல்' என்பார்கள். தில்லி மிஸ்திரி அதையே 'சூத்' என்கிறார். அதற்கும் நூல் என்றுதான் பொருள். பலகையை ஏற்றி வந்த சின்ன டெம்போவும் அப்படித்தான்: நமக்குக் குட்டி யானை, அவர்களுக்குச் சோட்டா ஹாத்தி. வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீடு, தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) தரைத்தளத்து பிளாட். பின்கட்டில் தகரக் கூரை போட்ட எட்டுக்குப் பத்தடி இடம்தான் பட்டறை. பலகைகளை இறக்கியதும் அம்மா வெளியே வந்து முகர்ந்து பார்த்தாள். "இது நாட்டு மருந்துக் கடையில விப்பாளே, தேவதாருக் கட்டை! எங்க பாட்டி கஷாயத்துல போடுவா" என்றாள். அன்றிலிருந்து இந்த வேலையில் அம்மாவுக்கும் பங்கு வந்துவிட்டது.

பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் குச்சிகள் கொடுத்துக் காற்றோடும்படி அடுக்கி, மேலே செங்கல் பாரம் வைத்து மூன்று மாதம் விட்டேன். ஏப்ரலில் ஈரமானி 11 சதவீதம் காட்டியது. மே கடைசியில் 8. ஜூலை நடுவில் 14. அந்த எண்களை நோட்டில் எழுதிவைத்தேன். எழுதிவைத்தேனே தவிர அதன் அர்த்தத்தை உள்ளே வாங்கவில்லை. அதன் விலையைப் பின்னால் கொடுத்தேன்.

பெட்டியின் அளவு: நீளம் 42 அங்குலம், ஆழம் பத்தொன்பதரை, கால்பட்டையோடு உயரம் 20. இரட்டை ரஜாயை மூன்றாக மடித்துத் தரையில் வைத்து அளந்தே இதை முடிவு செய்தேன். யாராவது செய்வதாக இருந்தால் வரைபடத்தை நம்பாமல் தங்கள் வீட்டு ரஜாயை மடித்து அளக்கட்டும்.

பலகைகளைப் பத்து நூலிலிருந்து ஏழு நூலுக்கு இழைத்து இறக்கினேன். தேவதாருவுக்கு உப்புத்தாள் ஆகாது. அதன் எண்ணெய் இரண்டே நிமிடத்தில் தாளை அடைத்துவிடும். கூரான இழைப்புளிதான் சரி. அதன் அடித்தகட்டிலும் பிசின் ஏறும். மண்ணெண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டேன். சுருள் சுருளாகச் சீவல் விழ, தெருமுனை வரை மணந்தது. மேல்வீட்டுப் பெண்மணி இறங்கி வந்து ஒரு பை நிறையச் சீவல் வாங்கிக்கொண்டு போனார், அலமாரிக்கு.

மூன்று மூன்று பலகையாக ஒட்டிச் சுவர்களைச் செய்தேன். எண்ணெய் மரம் என்பதால் ஒட்டும் விளிம்பை முதல்நாளே துடைத்துவைத்துப் பிரயோஜனமில்லை. ராத்திரிக்குள் எண்ணெய் மறுபடி மேலே கசிந்துவிடும். பசை தடவுவதற்குக் கொஞ்சம் முன்னால் தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, அது காய்ந்த கையோடு ஒட்டவேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டிப் பார்த்த ஒரு துண்டு, மறுநாள் முழங்காலில் வைத்து மடக்கியதும் சுத்தமாகப் பிரிந்தது.

மூலைகளுக்குப் புறாவால் மூட்டு: பலகை முனையைப் புறாவின் விரிந்த வால்போல வெட்டிக் கோப்பது. கடின மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்று சரிவு கொடுப்பார்கள். இதுபோன்ற மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று. ஒரு மூலைக்கு ஆறு வால். தேவதாருவில் வளையத்தின் வெளிர் பாகம் பஞ்சு மாதிரி, கருத்த பாகம் கொம்பு மாதிரி. உளி கொஞ்சம் மழுங்கினாலும் பஞ்சை நசுக்கிக்கொண்டு போய்க் கொம்பில் முட்டி வழுக்கும். முதல் மூலையில் அடித்தளம் முழுக்க நார் பிய்ந்து குழிகுழியாக வந்தது. உளியின் முனையை 25 பாகைக்குத் தேய்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு, கொட்டாப்புளியை விட்டுவிட்டுக் கையாலேயே மெல்லிசாகச் சீவினேன். இரண்டாவது மூலை பரவாயில்லை. நான்காவது மூலையில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் கசியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த மூலை கண்ணிலேயே நின்றது.

சுவர்களை அமைத்த விதத்தில் ஒரு விஷயம் முக்கியம். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் ஏறக்குறைய நகரவே நகராது, அகலவாக்கில்தான் உப்பும். நான்கு சுவரிலும் நார் ஓட்டம் படுக்கைவசமாக இருந்தால், நான்கும் ஒன்றாக உயரும், ஒன்றாக இறங்கும். மூலையில் சண்டை வராது. அதனால்தான் இந்த மூட்டு நூறு வருஷம் நிற்கிறது. பலகையில் வைரத்தை, அதாவது மரத்தின் நடுப்பாகத்தைப் பார்த்த பக்கம் வெளியே வரும்படி வைத்தேன். காயும்போது பலகை வைரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குழியும். அப்படி வைத்தால் மூட்டின் முனைகள் பிரியாமல் உள்நோக்கி அமுங்கும்.

அடித்தட்டை எப்படிச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஊர்ப் பத்தாயத்தைப் பற்றிச் சொன்னாள். கும்பகோணம் பக்கத்தில் தாத்தா வீட்டில் நெல் போட்டுவைத்த பத்தாயம். "பலகைய ஒண்ணுமேல ஒண்ணு காடியில எறக்கிடுவார் ஆசாரி. ஆணி கிடையாது, பசை கிடையாது. வெயில் காலத்துல லொடலொடன்னு ஆடும், ஐப்பசியில கெட்டியாயிடும்." அடித்தட்டை அப்படியே செய்தேன். சுவரின் உட்புறம் காடி, அதாவது நீளப் பள்ளம், இழைத்து, ஐந்து மெல்லிய பலகைகளை ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறும்படி பாதிப் பாதி வெட்டி, பசையில்லாமல் செருகினேன்.

அந்தப் பேச்சை மூடி வரைக்கும் கொண்டுபோகாமல் விட்டதுதான் என் தப்பு.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம், ஊமை வெக்கையில், மூடியை ஒட்டினேன். 44 அங்குல நீளம், 21 அங்குல அகலம். வளையாமல் இருக்கட்டும் என்று அடிப்புறத்தில் குறுக்காக இரண்டு சட்டங்களை முழுநீளத்துக்கும் பசை தடவி, ஸ்க்ரூவும் முடுக்கினேன். இரும்பு மாதிரி நின்றது. அக்டோபரில், காற்று காய்ந்தபிறகு, வெளிப்புறத்துக்கு அரக்கு மெருகு. சாவ்ரி பஜாரில் பித்தளைக் கீல் வாங்கப் போன அன்றே அரக்குச் சில்லும் வாங்கி, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு கால் கிலோ வீதம் ஊறவைத்து வடிகட்டியது. மழைக்காலத்தில் இதைச் செய்யக்கூடாது. காற்றின் ஈரத்தில் அரக்கு வெளுத்துப் பால் படர்ந்துபோகும். உட்புறத்துக்கு ஒன்றும் பூசவில்லை. பூசினால் வாசனை அடைபட்டுவிடும், எண்ணெய் மெருகு என்றால் மூடிய பெட்டிக்குள் சிக்குவாடை அடிக்கும். கணுக்களின் மேல் மட்டும் பிசின் துணியில் ஒட்டாதபடி இரண்டு கை அரக்கு.

பூட்டு வைக்கவில்லை. இதை வேண்டுமென்றே செய்தேன். மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகைப் பெட்டிகளுக்குள் குழந்தைகள் ஒளிந்து விளையாடி மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996இல் அப்படிப்பட்ட சிடார் பெட்டிகளின் பூட்டுகளை மாற்றித்தரச் சொல்லிப் பெரிய அளவில் அறிவிப்பே வந்தது. எங்கள் வீட்டுக்கு அக்காவின் பிள்ளைகள் வந்துபோகிறவர்கள். பூட்டு இல்லை, கொக்கி இல்லை. பின்சுவரின் மேல்விளிம்பில் கை நுழையாத அளவுக்கு இரண்டு காற்றுவெட்டு. அதன்மேல் உட்புறமாக மெல்லிய கொசுவலை. மூடி தடாலென்று விரல்மேல் விழாமல் மெதுவாக இறங்கும் தாங்குகோல் இரண்டு பக்கமும்.

2023 நவம்பர் முதல் மார்ச் வரை பெட்டி காலியாகத்தான் இருந்தது. ரஜாய் எல்லாம் கட்டிலில். மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் உள்ளே வைத்தோம். 2024 மே. லூ என்ற அனல்காற்று அடித்த அந்த வாரங்களை தில்லிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மத்தியானம் நான் ஆபீசில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். "பொட்டிலேர்ந்து துப்பாக்கி மாதிரி சத்தம் வந்துதுடா." சாயங்காலம் வந்து பார்த்தேன். மூடியில் ஒரு முனையிலிருந்து இருபது அங்குலத்துக்கு விரிசல், வாயில் மூன்று நூல் அகலம். ஒட்டிய இடம் விடவில்லை. பக்கத்தில் மரமே பிளந்திருந்தது.

காரணம் என் நோட்டிலேயே இருந்தது. 14 சதவீதத்தில் ஒட்டிய மூடி 7க்குக் காய்ந்திருக்கிறது. அந்த அகலத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேலேயே சுருங்கவேண்டும். குறுக்குச் சட்டத்தின் நார் மறுதிசையில் ஓடுகிறது, அது சுருங்காது. நானோ பசையும் ஸ்க்ரூவும் போட்டு இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறேன். போக வழியில்லாத பலகை தன்னையே கிழித்துக்கொண்டது. சுவரில் பார்த்து, அடித்தட்டில் பார்த்து, மூடியில் மட்டும் பார்க்கத் தவறினேன். அம்மாவிடம் சொன்னபோது, "பத்தாயத்து மூடியும் சும்மாதான் கிடக்கும்" என்றாள்.

சரிசெய்தது இப்படி. ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும். ஆகவே இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் சட்டத்தின்மேல் நாலைந்து நிமிடம் வைத்து, மெல்லிய பட்டிக் கத்தியை இடுக்கில் விட்டு, அங்குலம் அங்குலமாகப் பிரித்தேன். இரண்டு சட்டத்துக்கும் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. சட்டம் விடுபட்டதும் விரிசல் பாதிக்குமேல் தானாகவே மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அவ்வளவு இழுவிசையைப் பத்து மாதமாகப் பிடித்துவைத்திருக்கிறது அந்த மரம். விரிசலுக்குப் பசை ஊற்றி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது அடுத்த மேயில் மறுபடி வாயைத் திறக்கும். அந்த வரியோடு மூடியை நீளமாக அறுத்து இரண்டாக்கி, இரு விளிம்பையும் இழைத்து, தின்னர் துடைத்து, புதிதாக ஒட்டினேன். கொஞ்சம் அகலம் போனது. முன்பக்க நீட்டல் குறைந்தது, அழகு கெடவில்லை.

சட்டங்களைப் பசையில்லாமல் பொருத்தினேன். ஒவ்வொரு சட்டத்திலும் ஐந்து துளை. நடுத்துளை மட்டும் வட்டம். அது மூடியின் நடுவைப் பிடித்துக்கொள்ளும். மற்ற நான்கையும் சட்டத்தின் நீளவாக்கில் மூன்று நூல் நீட்டத்துக்கு நீள்துளையாக அரத்தால் தேய்த்தேன். ஸ்க்ரூவின் தலைக்கடியில் பித்தளை வாஷர், சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே மெழுகுவர்த்தி தேய்ப்பு. ஸ்க்ரூவை இறுக்கிப் பிறகு கால் சுற்று தளர்த்தினேன். சட்டம் மூடியை வளையவிடாது, நகர மட்டும் விடும்.

இந்த வேலை ஜூன் இரண்டாவது வாரம் முடிந்தது. ஜூன் 28 காலை தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 228.1 மில்லிமீட்டர் மழை. காய்ந்து சுக்காகக் கிடந்த ஊர் ஒரே ராத்திரியில் நனைந்தது. அடுத்த பத்து நாளும் தினமும் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். வாஷர்கள் நீள்துளையில் நகர்ந்த தடம், மெழுகில் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

பூச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். தேவதாரு வாசனை இருந்தால் போதும், அந்து வராது என்று நம்பி யாரும் கம்பளியை அப்படியே மடித்து வைத்துவிடவேண்டாம். கம்பளியைத் தின்பது பறக்கிற பூச்சி அல்ல, அதன் புழு. மரத்தின் எண்ணெய் ஆவி குஞ்சுப் புழுக்களைத் தாக்கலாம். முட்டையையும் வளர்ந்த புழுவையும் நம்பிக்கையாக ஒன்றும் செய்யாது. அந்த ஆவியும் வருஷத்துக்கு வருஷம் குறையும். துணியில் ஒட்டிய வியர்வையும் சாப்பாட்டுக் கறையும்தான் புழுவுக்கு விருந்து. ஆகவே மார்ச்சில் துவைத்து, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் போட்டு, மடிப்புகளையும் தையல்களையும் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை மல் துணியில் சுற்றி வைக்கிறோம். துணி மரத்தில் நேராகப் படாமல் இருந்தால் எண்ணெய்க்கறையும் ஏறாது. சிறியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுப்பதும் உண்டு. சந்தேகமான துணிக்கு அது நல்ல வழி. அம்மா வசம்புத் துண்டுகளை ஒரு சின்னப் பையில் கட்டி மூலையில் வைத்திருக்கிறாள். வருஷத்துக்கொருமுறை உட்புறத்தை 220 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்தால் வாசனை திரும்புகிறது.

சால்வையை, கிழிசலை இழைகோத்துச் சரிசெய்யும் ஒரு ரஃபூகரிடம் கொடுத்தோம். அதே சால்வையின் ஓரத்திலிருந்து இழை உருவி, பதினேழில் பதினைந்து ஓட்டையை எங்கே இருந்தது என்று தெரியாதபடி நெய்து கொடுத்தார். இரண்டு பெரியவை கொஞ்சம் தெரியும். 2024 நவம்பரில் பெட்டியைத் திறந்து சால்வையை அதே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். புது ஓட்டை இல்லை.

மூடியின் அகலத்தை அளந்து அதன் உட்புறத்திலேயே பென்சிலால் எழுதிவருகிறேன். முதல் வரி 2024 ஜூன் 12: 20 அங்குலம் 3 நூல். அடுத்தது ஆகஸ்ட்டில் எழுதவேண்டியது. நான் அப்போது வேலையாகச் சென்னையில் இருந்தேன். திரும்பி வந்து மூடியைத் தூக்கினால், என் எழுத்துக்குக் கீழே அம்மாவின் சாய்ந்த எழுத்தில்: "ஆவணி 5. இருபது அங்குலம் ஐந்து நூல்."